கார்டில் மாலி

மழை விட்ட இடைவெளியில் மன்சூர் அலி வால்வுக் குழியின், சேம்பரின், இரும்பு மூடியை நகர்த்தினார். உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு தவளை. அதைத் தகர டப்பாவில் அள்ளி வெளியே விட்டுவிட்டு, ஆள் உயரச் சாவியை இறக்கி வால்வின் தலையில் பொருத்தினார். சாவியின் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தார். கொஞ்சம் சுற்றி நிறுத்தினார். குழாய்க்குள் காற்று ஓடும் சத்தம் அடங்கட்டும் என்று நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம்.

டிராம்பே பக்கத்துக் குன்று அது. மேலே பார்த்தால் பூங்கா மாதிரி இருக்கும். புல்தரை, ஓரத்தில் செம்பருத்தி வேலி. புல்லுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. கீழே இருக்கிற சால் வரிசை வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் காலைத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. அதைத் திறப்பதும் அடைப்பதும் மன்சூர் அலியின் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் பெயர் நாலைந்து தடவை மாறியது. ஆள் மாறவில்லை.

கழுத்தில் தொங்கும் கார்டில் மட்டும் 'மாலி' என்றிருந்தது. தோட்டக்காரன். வால்வு ஆளுக்குக் கூலி அதிகம், மாலிக்குக் குறைவு. அதனால் கான்ட்ராக்டர் அப்படிக் கார்டு போட்டார். பம்பு ஓட்டுகிறவன் கார்டில் 'வாட்ச்மேன்'. அதைச் சொல்லிச் சொல்லி அவர்களே சிரித்துக்கொள்வார்கள். கேட்டுக்குள் விடுவதற்கு ஒரு அட்டை, அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

டிப்ளமா முடித்த அவருடைய மகள் ஷைஸ்தாவுக்கு ஐரோலியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த பிறகுதான் அந்த அட்டையை ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடி. பம்பு, பைப்பு, மீட்டர் செய்கிற முதலாளிகள் சேர்ந்து நடத்தும் டிரஸ்ட். தண்ணீர்த் தொழிலில் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஷைஸ்தா எழுதிப் போட்டிருந்தாள். கூப்பிட்டிருந்தார்கள். மன்சூர் அலிக்கு நம்பிக்கையில்லை. படியேறும்போதே சொன்னார்.

"சும்மா எவன்ளா குடுப்பான்? போட்டோவுக்கு நிக்க வெச்சு, ஒரு டீயக் குடுத்து அனுப்பிருவான்."

"டீயாவது கிடைக்கும்ல வாப்பா. வாங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பத்ரி. பம்பு கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். இங்கே சம்பளம் வாங்காமல் டிரஸ்ட் வேலையைப் பார்க்கிறார். ஷைஸ்தாவின் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். கார்டின் நகலைப் பார்த்ததும் தலை நின்றது.

"மாலின்னு போட்டிருக்கே?"

"அது கார்டுங்க. வேல வால்வு."

"கமிட்டி கார்டைத்தானே பார்க்கும்? செடிக்குத் தண்ணி விடறவாளெல்லாம் தண்ணித் தொழில்னு கெளம்பி வந்துட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ."

மன்சூர் அலி எழுந்துவிட்டார். ஷைஸ்தா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கோவப்படாதேங்கோ. வால்வு வேலைதான்னு கம்பெனிலேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிண்டு வாங்கோ. போறும். ஃபீஸ் கட்ட எப்போ கடைசி நாள்?"

"இந்த மாசக் கடைசி அங்கிள். கட்டலேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்."

தெருவுக்கு வந்தபின் மன்சூர் அலி சொன்னார்: "லெட்டரு குடுக்கவனா இருந்தா கார்டுலயே எழுதியிருப்பாம்லா."

அப்படியேதான் ஆயிற்று. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கௌசிக், செம்பூரில் பிறந்து வளர்ந்தவன், கெட்ட பையன் இல்லை. மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பொறுமையாகச் சொன்னான்.

"பாய், நீங்க வால்வு ஆளுன்னு நான் எழுதினா, இத்தனை வருஷம் வால்வு ஆள் பகார், அந்தச் சம்பளம் எங்கேன்னு நாளைக்கு ஒரு வக்கீல் கேப்பான். கான்ட்ராக்டர் சேட் என்னையும் தூக்கிடுவாரு, உங்களையும் தூக்கிடுவாரு. சோடோ நா, விட்டுடுங்க. வேற ஸ்காலர்ஷிப் பாருங்க."

"மாலி மவளுக்குன்னு எவன் குடுக்கான்? நீயே பாத்துச் சொல்லு."

கௌசிக் மொபைலை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டான்.

தாராவியில் அவர்கள் சந்தில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். மன்சூர் அலி வீடு திரும்பியபோது மனைவி சபுரா வாசலில் நீல டிரம்முக்குள் டியூபை விட்டுக்கொண்டு நின்றாள். நடந்ததைக் கேட்டாள். டியூபைக் கையில் பிடித்தபடியே யோசித்தாள்.

"ஒரு நா தொறக்காதிய. கத்திரிய எடுத்து புல்ல வெட்டிட்டு இரிங்க. கார்டுல அதானே போட்ருக்கு? ஊரே போன் அடிக்கும். பெரிய எஞ்சினியரு ஓடி வருவாரு. வால்வு ஆளு யாருன்னு அப்பத் தெரியும்லா."

அவரும் பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்திருந்தார்.

"கீழ எத்தன பேரு டிரம்ம வெச்சிட்டு நிப்பாளுவ?" என்றார்.

சபுரா நிரம்பிய டிரம்மிலிருந்து டியூபை எடுத்துக் குடத்தில் போட்டாள். சந்து முழுக்க டியூபுகள் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி மோட்டாரைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நமக்கும் எவனோ ஒருத்தன் தொறக்கத்தானே செய்யுதான்," என்றாள் சபுரா. "அவன் கார்டுல என்ன எழுதிக் கெடக்கோ."

உள்ளேயிருந்து ஷைஸ்தா வந்தாள். லெட்டர் கிடைக்காது என்று பத்ரிக்கு போன் செய்துவிட்டதாகச் சொன்னாள். "காலையில எத்தன மணிக்குத் தொறப்பாருன்னு கேட்டாரு வாப்பா. சொன்னேன். வெச்சிட்டாரு."

"அவருக்கு எதுக்கு அது?"

"தெரியல."

மறுநாள் மழை ஓயவில்லை. மன்சூர் அலி சாவியைத் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தபோது கம்பி வேலிக்கு அப்பால், சரிவில், ஒரு குடை தெரிந்தது. பத்ரி. பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தார். செருப்பில் சேறு அப்பியிருந்தது. கேட்டில் உள்ளே விடவில்லை, போட்டோவும் எடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வேலியைச் சுற்றி நடந்து வந்து நின்றுகொண்டிருந்தார். மன்சூர் அலி நிறுத்தவில்லை. தண்ணீர் முழு வேகத்தில் போகும்வரை சுற்றி முடித்துவிட்டு, சாவியைத் துடைத்துச் சாய்த்துவிட்டுத்தான் வேலிப்பக்கம் போனார்.

"எதுக்குங்க இந்த மழையில?"

"நாப்பது வருஷம் பம்புக் கணக்கு எழுதினேன். தண்ணி தொறக்கறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." பத்ரி குடையை மறுகைக்கு மாற்றினார். "எப்பவும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திச் சுத்துவேளா?"

"வேகமாத் தொறந்தா கீழ பைப்பு வெடிச்சிரும்."

"சரி. என் கண்ணால பார்த்தேன்னு நான் எழுதித் தரேன். அதுக்கு கமிட்டி ஒத்துக்கும். ஒத்துக்க வைக்கறேன். ஆனா ஒண்ணு. உங்க பேரு, இந்த இடத்துப் பேரு எல்லாம் எழுதணும். கமிட்டில இருக்கறவா உங்க கான்ட்ராக்டருக்கும் பைப்பு விக்கறவா. அவர் காதுக்குப் போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி உங்களைக் கவுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆத்துல பேசிட்டு எனக்குச் சொல்லுங்கோ."

மன்சூர் அலி அவரை உற்றுப் பார்த்தார். இதில் இவருக்கு என்ன லாபம் என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

"பஸ்ஸு கீழ ரோட்டுல நிக்கும். சரிவுல பாத்து எறங்குங்க, வழுக்கும்," என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஷைஸ்தா வேண்டாம் என்றாள். டிப்ளமாவை வைத்து எங்கேயாவது சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறேன், ரெண்டு வருஷம் கழித்துப் படித்துக்கொள்கிறேன் என்றாள்.

"கௌசிக் மாதிரியா?" என்றார் மன்சூர் அலி.

"என்ன வாப்பா, கிண்டலா? உங்களத் தூக்கிட்டா என்ன செய்வீங்க?"

"எனக்கு வேல போனா இன்னொரு வேல. ஒனக்கு சீட்டு போனா அது போனதுதான். போனப் போடு."

"உம்மா, நீயாவது சொல்லு."

சபுரா மீன் முள்ளை ஒதுக்கினாள். "வாப்பா சொன்னதக் கேளு. இத்தன வருசமா நான் ஒரு மாலிக்கா பொண்டாட்டியா இருந்தேன்? கேவலமால்லா இருக்கு."

ஷைஸ்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்சூர் அலி கையைக் கழுவிவிட்டு வந்து, தானே போனை வாங்கி, பத்ரியிடம் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னார். பட்டன் எதை அமுக்கி வைப்பது என்று தெரியாமல் மகளிடம் கொடுத்தார்.

கமிட்டி ஒத்துக்கொண்டது. கடைசி நாளுக்கு முன்பே ஐரோலிக்குப் பணம் போய்விட்டது. மாட்டுங்காவில் ஒரு ஹாலில் விழா வைத்தார்கள். மன்சூர் அலிக்கு லீவு கிடைக்கவில்லை. சபுரா மகளோடு போய்விட்டு வந்து சொன்னாள். ரோஜாப்பூ கொடுத்தார்கள். போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள். டீயும் கொடுத்தார்கள்.

"நான் சொன்னேம்லா," என்றார் மன்சூர் அலி.

"இன்னொண்ணும் இருக்கு, கேளுங்க. மைக்குல ஒரு அம்மா வாசிச்சா. 'தண்ணீர்த் தொழிலாளி மன்சூர் அலி அவர்களின் மகள்' அப்பிடின்னு. எல்லாரும் கை தட்டுனாவ. பத்ரி எந்திரிச்சு நின்னு தட்டுனாரு."

மன்சூர் அலி "அவர்களின்னா சொன்னா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனபோது கௌசிக் கேட்டருகிலேயே நின்றிருந்தான். கையில் புல் வெட்டும் பெரிய கத்தரி. புதுசு. பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

"யாரோ சேட் கிட்ட சொல்லிட்டாங்க பாய். கார்டுல இருக்கிற வேலையத்தான் இனிமே செய்யணுமாம். சேம்பர் பக்கம் போகக்கூடாதாம்." கத்தரியை நீட்டினான். "சம்பளம் கம்மியாகாது. அதே சம்பளம்தான்."

"கம்மி பண்ண அதுல என்ன கெடக்கு?" என்று கேட்டுவிட்டு மன்சூர் அலி அதை வாங்கிக்கொண்டார்.

சேம்பரின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அருகில் புது ஆள் நின்றான். பெயர் பைசான், சீட்டா கேம்பிலிருந்து வருகிறான், இரண்டு பிள்ளைகள் என்று கௌசிக் சொன்னான். அவன் கழுத்துக் கார்டில் துப்புரவு வேலை என்று போட்டிருந்தது.

மன்சூர் அலி தொட்டியின் மேல் புல்லில் குந்தி உட்கார்ந்தார். மழையில் புல் காடாக வளர்ந்திருந்தது. ஒரு பிடி வெட்டினார். பைசான் சாவியை இறக்கினான். அது பொருந்தாமல் வழுக்கியது. மறுபடி இறக்கினான். பொருந்தியது. கம்பியைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு கௌசிக்கைப் பார்த்தான். கௌசிக்குக்கும் தெரியாது. தண்ணீர் விடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கேட்டறையில் போன் அடித்தது.

"பாய்," என்று பைசான் புல்தரையைப் பார்த்துக் கூப்பிட்டான். "எந்தப் பக்கம் சுத்தணும்?"

மன்சூர் அலி கௌசிக்கைப் பார்த்தார். கௌசிக் முதுகைத் திருப்பிக்கொண்டு சமுத்திரப் பக்கம் பார்த்து நின்றான்.

அவர் எழுந்தார். புல்தரையைவிட்டு இறங்கவில்லை. கத்தரியோடு கையை உயர்த்தி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். பைசான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். சாவி அசைந்தது. கை நின்றது; அவனும் நின்றான். தலைக்கு மேல் தூக்கிய கத்தரியோடு மன்சூர் அலி அப்படியே நின்றார். பிறகு கை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.