பின்வாங்கும் வழி

மூன்று மாதமாக அக்கா தம்பி வீட்டில்தான் இருந்தாள். வீடு என்றால் ஏழாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. அறையை அக்காவுக்கு விட்டுவிட்டுத் தம்பி சமையலறை வாசலோடு முடங்கிக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களை ஏற்றி இறக்குவதற்கே நாள் சரியாகிவிடும். மிச்சப் பொழுதில் அவனுக்கு ஒரே பைத்தியம், கம்ப்யூட்டரில் போர் நடத்துவது.

போர் என்றதும் டமால் டுமீல் என்று நினைக்க வேண்டாம். ஒரு வரைபடம், அதில் கட்டங்கள், கட்டங்களில் சின்னச் சின்னத் தரைப்படைகள். நாளுக்கு ஒரு நகர்வு. எதிரில் ஆடுகிறவர் எந்த ஊரோ, என்ன முகமோ, தெரியாது. தம்பியோடு மோதியவர் 'நிதானம்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். தம்பி அவரை 'நிதானம் அண்ணன்' என்பான். இரண்டு மாதப் பழக்கம். ஆட்டத்தினூடே எழுதி எழுதிப் பேசிக்கொள்வார்கள்.

அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவரின் வாய் அச்சு மேஜைக்கு வரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த ஆள் இடது பக்கமாவே மெல்றாரு, கோவம் வந்தா பல்லைக் கடிப்பாரு போல" என்பாள். முதலாளி விசாரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"என்னடா?"

"மறுபடியும் அஞ்சு படை போச்சுக்கா. அண்ணன் சும்மா லேசா உரசினாரு, அவ்வளவுதான். என் ஆளுங்க ஓடிப்போய் நேரா அவர் மடியிலயே விழுந்துட்டாங்க."

"ஏன் ஓடினாங்க?"

"நான்தான் உத்தரவு போட்டு வச்சிருக்கேன். நான் வேலையில இருக்கும்போது அடி விழுந்தா, யாரு பாத்துக்கறது? நாலுல ஒரு பங்கு செத்தா தானா பின்வாங்கிடணும்னு வச்சிருக்கேன். எங்கே போகணும்னு சொல்லலைன்னா பக்கத்துல இருக்கற நம்ம ஊருக்குப் போய்ச் சேரும்."

அக்கா மடித்த துணியைக் கையில் பிடித்தபடியே திரையருகே வந்தாள். எதிரியின் படை முன்வரிசையில் அதிகம் இல்லை. தம்பியின் ஒவ்வொரு ஊருக்கும் போகிற பாதையில், வாசலுக்கு ஒரு கட்டம் முன்பாக, ஒற்றைப் படை உட்கார்ந்திருந்தது. எல்லா ஊருக்கும் அப்படித்தான். ஒன்றுகூட விடுபடவில்லை.

அவள் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

நான்கு வருடம் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அவள் பார்த்த ஆட்டம் அது. அவள் புருஷன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் ஆடுவான். ஜெயிக்கிற நாளில் பாடம் வேறு நடத்துவான். "ஓடறவன் யோசிக்க மாட்டான். ஏற்கெனவே போட்டு வச்ச உத்தரவுப்படிதான் ஓடுவான். அடிக்கறதுக்கு முன்னாடியே அவன் போற இடத்துல போய் உக்காந்துக்கணும். அவசரமே இல்லை."

அவனை விட்டு அவள் முதல்முறை கிளம்பியபோது சித்தி வீட்டுக்குப் போனாள். அவள் பஸ் இறங்கி நடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் சித்தியின் கூடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "வா, களைச்சுப் போயிருப்பே" என்று ஒரு சுளையை நீட்டினான். இரண்டாவது முறை, கூடப் படித்தவளின் வீட்டு மாடிப்படியில் இருந்தான். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கதவைச் சாத்திய பிறகு நடந்தது அவளுக்கும் சுவருக்கும்தான் தெரியும். மூன்றாவது முறை தம்பியிடம் வந்தாள். தம்பி வேலை மாறி இந்த ஊருக்கு வந்தது அவனுக்குத் தெரியாது என்கிற தைரியம். தம்பி எந்தப் பெயரில் ஆடுகிறான் என்பது அவனுக்குத் தெரியும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"நீங்க பேசிக்கிட்டது எல்லாம் காட்டு" என்றாள்.

தம்பி முதலிலிருந்து காட்டினான். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். கேள்வி எதுவும் கேள்வி மாதிரியே இல்லை. 'சமையல் யாரு, நீங்களா?' என்று ஓரிடத்தில். 'இல்ல, அக்கா வந்திருக்காங்க' என்று தம்பியின் பதில். 'அக்கா வேலைக்குப் போறாங்களா?' 'பல் செட் பண்ற இடத்துல.' எங்க பில்டிங் லிஃப்டையே நான்தான் சரி பண்ணினேன் என்று ஒருநாள் பெருமையடித்திருந்தான். எந்த ஊர், எத்தனை மாடி என்பதும் அதில் இருந்தது. முந்தின நாள் வந்த கடைசி வரி இது: 'அவசரமே இல்லை தம்பி. நெருக்கடி வந்தா உங்க வீட்டாளுங்க எங்கே போவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.'

"படையைச் சொல்றாருன்னு நினைச்சேன்" என்றான் தம்பி. முகம் வெளிறிப் போயிருந்தது. பிறகு மறுப்பாகத் தலையசைத்தான். "இருக்காதுக்கா. இப்படி ஆடறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க."

"இருக்கட்டும். பாத்துடலாம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிச்சமிருந்த படைகளின் பின்வாங்கும் உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள்.

"பத்துல ஒரு பங்கு போனாலே கிளம்பணும்னு வை."

"அவ்வளவு சீக்கிரமாவா? எங்கே போகணும்?"

அவள் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சதுப்பு நிலத்தைத் தொட்டாள்.

"அங்கே ஒண்ணுமே இல்லையேக்கா. சோறு தண்ணிகூடப் போய்ச் சேராது."

"அதனாலதான்."

பிறகு அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான். அக்காவுக்கு இங்கே சரிப்பட்டு வரவில்லை, வெள்ளிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் சித்தி வீட்டுக்குப் போகிறாள் என்று. பதில் உடனே வந்தது. 'பாவம். பத்திரமா போகச் சொல்லுங்க.'

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். தம்பி கருவிப் பையோடு பஸ் நிலையத்துக்குப் போய், லிஃப்டைச் சோதிக்கிறவன் போல் கதவோரமாக நின்றுகொண்டான். பத்தரைக்கு அக்கா புருஷன் வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. சித்தி ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் இரண்டு டீ. ஒன்றைக் குடித்தான். மற்றதை மூடி போட்டுப் பக்கத்து இடத்தில் வைத்து, யாரும் உட்கார்ந்துவிடாதபடி பையால் அணைகட்டினான்.

தம்பி கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அத்தானைக் கல்யாண மேடையில் கட்டிப்பிடித்து வாழ்த்தியவன் அவன்.

பதினொரு மணிக்கு பஸ் கிளம்பியது. அவன் எழுந்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே அதோடு கூட நடந்தான். பஸ் போனதும் ஆறிப்போன டீயைக் குப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு போனை எடுத்தான். தம்பியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

'நீங்க நல்லவர் தம்பி. இந்த யோசனை உங்களோடது இல்லை. யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.'

தம்பி தலை நிமிர்ந்தபோது அவன் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தான். டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது. பல் செட் கூடம் இருக்கிற தெரு.

"அக்கா, கிளம்பு. இப்பவே!" என்று தம்பி போனில் கத்தினான்.

அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே, எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுகிற பெண் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். செய்து முடித்த பற்களை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். ஓட்டுகிற வேகம் அப்படி, அதனால் பெயரும் அப்படி. இருவருக்கும் நமஸ்காரப் பழக்கம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. எங்கேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மின்னல் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏறுங்க" என்றாள்.

கால்மணி நேரத்தில் அவன் கூடத்துக்கு வந்தானாம். என் வீட்டுக்காரி இங்கேதானே வேலை செய்கிறாள், சாவியை மறந்துவிட்டாள் என்று சிரித்துப் பேசினானாம். அவள் மேஜையில் அரைகுறையாக நின்ற மெழுகுப் பல் வரிசையை எடுத்து, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தானாம். "ரொம்ப மரியாதையான மனுஷர்" என்றார் முதலாளி.

மறுநாள் தம்பி இரண்டு மாதப் பேச்சையும் அச்செடுத்துக்கொண்டு அக்காவோடு காவல் நிலையத்துக்குப் போனான். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் எல்லாவற்றையும் படித்தார். கூப்பிட்டனுப்பியபோது அவன் நேரத்துக்கு வந்தான், கையெழுத்துப் போட்டான், "விளையாட்டுதானே மேடம்" என்றான். அவர் சிரிக்கவில்லை. கோர்ட்டில் உத்தரவு வாங்க ஏழு வாரம் ஆயிற்று. அவள் இருக்கும் இடத்தின் பக்கம் அவன் வரக்கூடாது. வந்தால் உள்ளே.

அதற்குள் அவள் ஒரு வீடு பார்த்துக் குடிபோயிருந்தாள். சொந்தமோ பந்தமோ இல்லாத ஒரு பகுதி. சாமான் எடுக்க வந்த அன்று தம்பி லிஃப்ட் வரை பையைத் தூக்கி வந்தான்.

"விலாசம் சொல்லுக்கா."

அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"எங்கிட்டயுமா?"

"உன்கிட்டதான்டா முதல்ல கேப்பான்" என்றாள். தம்பியின் தலையை ஒருமுறை கோதிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு மூடியது. எந்த மாடியில் நிற்கிறது என்று காட்டும் எண் ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியது. அது எங்கே போய் நிற்கிறது என்பதுகூடத் தனக்குத் தெரிய வேண்டாம் என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.