கட்டம் மாறிய அப்பா

வரவேற்பு மேஜைப் பெண் மறுபடியும் திரையைப் பார்த்தாள். திரை மனம் மாறியிருக்கவில்லை.

"பார்வையாளர் அனுமதி இல்லைன்னு வருது சார். பச்சை வந்தாதான் அட்டை அச்சாகும், அட்டை இருந்தாதான் கதவு திறக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

"நேத்து சாயந்திரம் பார்த்துட்டுத்தானேம்மா போனேன்? இந்த புரோகிராமை எழுதினதே நான்தான்."

"நேத்து ஒருத்தர் இந்த ஆஸ்பத்திரியே தன்னோடதுன்னார் சார். அவரையும் உட்காரத்தான் சொன்னேன்."

புரோகிராமர் எட்டிப் பார்த்தார். அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள். தானே நடப்பார்: ஆம். பார்வையாளர் அனுமதி: இல்லை. அப்பாவா நடப்பார்? இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்துப் படுக்கவைத்திருக்கும் மனிதர். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

என்ன நடந்தது என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரியின் அட்டவணையில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு வரிசை. புரோகிராம் அந்த வரிசையை எடுத்து, 'நோயாளி' என்ற அச்சில் கட்டம் கட்டமாக ஊற்றும். எண்ணுக்கான கட்டத்தில் எழுத்து வந்தால் ஊரைக் கூட்டும். ஆம்-இல்லைக்கான கட்டத்தில் தேதி வந்தால் தரையில் விழுந்து புரளும். ஆனால் இரண்டு ஆம்-இல்லைகள் தங்களுக்குள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டால் வாயே திறக்காது. இங்கே அனுமதியின் 'ஆம்' நடையின் கட்டத்துக்கும், நடையின் 'இல்லை' அனுமதியின் கட்டத்துக்கும் போய்விட்டன.

கட்டங்களைப் பெயர் பார்த்து எடுக்கலாம் என்று புரோகிராமை எழுதும்போதே இவர் சொன்னார்தான். தலைமை வடிவமைப்பாளர் சிரித்தார். அலுவலகத்தில் அவருக்குத் தீர்க்கதரிசி என்று பெயர். "பேர் சொல்லிக் கூப்பிட இது என்ன வகுப்பறையா தம்பி? முதலாவது, ரெண்டாவதுன்னு வரிசையா எடு. வேகம்!" அதில் மிச்சமான நேரத்தில் ஒரு கொசு தும்மக்கூட முடியாது. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது யாரோ ஒரு புண்ணியவான், அட்டவணை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கட்டங்களை முன்னே பின்னே நகர்த்தி வைத்திருக்கிறான்.

தீர்க்கதரிசிக்குப் போன் போட்டார்.

"வாய்ப்பே இல்ல தம்பி. ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை குறிச்சுக் கட்டினது. தப்பு உள்ள நுழையவே முடியாது."

"நுழையல சார், உள்ள இருந்த ரெண்டும் இடம் மாறிடுச்சு. ஒரே ஒரு வரி மாத்தணும். அனுமதி குடுங்க."

"வெள்ளிக்கிழமை எதையும் மாத்தக்கூடாதுன்னு விதி போட்டதே நான். திங்கட்கிழமை பேசலாம். இப்ப மேடைக்குக் கூப்பிடறாங்க. தலைப்பு என்ன தெரியுமா? 'தவறே நுழையாத மென்பொருள்'." வைத்துவிட்டார்.

இதற்குள் மேஜைப் பெண்ணுக்கு மனம் இளகியிருந்தது.

"கவலைப்படாதீங்க சார். நீங்கதானே மேல போகக்கூடாது? அப்பாதான் நடப்பார்னு போட்டிருக்கே. கீழ அனுப்பச் சொல்லி வார்டுக்குச் சொல்லிட்டேன். புது நர்ஸ், நல்ல பொண்ணு. இதோ அனுப்பறேன்னுச்சு."

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்கம்மா!"

அவள் எண்ணை அழுத்திக் காத்திருந்தாள். வார்டில் யாரும் எடுக்கவில்லை. புரோகிராமர் அப்பாவின் செல்போனை அழைத்தார்.

"அப்பா, எந்திரிக்காதீங்க!"

"எந்திரிச்சாச்சுடா. நர்ஸம்மா திரையைக் காட்டுச்சு. நான் நடப்பேன்னு போட்டிருக்கு. இந்த டாக்டர் சும்மா பூச்சாண்டி காட்டியிருக்கார்."

"அது தப்புப்பா. புரோகிராம் தப்பு!"

"போடா. நீ எழுதினது தப்பாகுமா? வார்டு பூரா சொல்லி வெச்சிருக்கேன், எம் மகன் எழுதினதுன்னு." மூச்சு வாங்கியது. "வலிக்கத்தான் செய்யுது. பரவால்ல, கட்டிலை விட்டுட்டேன். நீ அங்கயே நில்லு."

போன் சட்டைப்பைக்குள் போனது போலிருந்தது. "அப்பா, அப்பா" என்று இவர் கத்தியது அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

பூட்டிய கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே படிக்கட்டு காலியாக இருந்தது. காதிலிருந்த போனில் ஒரு செருப்புச் சத்தம். அப்புறம் மற்றொரு கால் தரையில் இழுபடும் சத்தம். அப்புறம் மறுபடியும் செருப்பு.