நீலகண்டய்யரின் மௌன விரதம்

சிறப்பு விருந்தினரின் வெள்ளை வேட்டியைக் கறுப்பாக்கியது நான்தான். பாக்கு ஊறிய தண்ணீரில் இரும்பு உப்பைப் போட்டால் மையாகக் கறுக்கும். பாக்கின் துவர்ப்புச் சத்தான டானின் என்றால் என்னவென்று எங்கள் ஊர் ஸ்ரீவராகத்துக்குக் காட்டிவிடலாமென்று குவளையை மேடையில் தூக்கினேன். அது அவர் மடியில் போய் உட்கார்ந்தது. சோதனை வெற்றி.

விழா என் தாத்தாவின் அண்ணன் நீலகண்டய்யருக்கு. நூறு வருடத்துக்கு முன் பாக்கின் டானினை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர். பிஞ்சில் துவர்ப்பு மிகுதி, பழுக்கப் பழுக்கக் குறையும் என்பதை வாழ்நாளெல்லாம் அளந்தவர். தோல் பதனிட உதவும் என்று நம்பினார். எந்தத் தோல் ஆலையும் நம்பவில்லை. ஒவ்வொரு சாற்றையும் முதலில் தன் நாக்கில்தான் வைத்துப் பார்ப்பாராம். “கடைசிக் காலத்தில் மௌன விரதம். பப்பாளி இலைக்காம்பு வழியாகக் கஞ்சி மட்டும்” என்று நான் முடித்தபோது கூட்டம் உருகியது. எங்கள் குடும்பம் தலைமுறைகளாக உருகிவரும் இடம் அது.

பல் டாக்டரான என் தங்கை மகள் ராஜஸ்ரீ மட்டும் உருகவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

“மாமா, அது விரதம் ஒண்ணும் இல்லை. அவருக்கு வாயே திறந்திருக்காது. நீங்களும் மைக்ல பல்லைக் கடிச்சுண்டேதான் பேசினேள். மூணு விரலைச் சேத்து நெட்டுக்கு வாய்க்குள்ள விடுங்கோ, பாப்போம்.”

ஒரு விரல் போயிற்று. இரண்டாவது வாசலிலேயே நின்றுவிட்டது.

“முப்பது வருஷமா அங்கே பாக்குன்னா குடியிருக்கு. விரலுக்கு இடம் ஏது?”

அவள் சிரிக்கவில்லை.

அவள் அனுப்பிய ஆஸ்பத்திரியில் என் கன்னத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். அதற்குப் பிறகு ஊரே வாயை மூடிக்கொண்டது. லேபில், “டாக்டர் பறயும்” என்று மலையாளத்தில் டாக்டரைக் கைகாட்டினார்கள். டாக்டர், “நோக்காம், டென்ஷன் வேண்டா” என்று, பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். என் மனைவி விஜயம், “வயத்துச் சூடுதான்னா, மோர் குடிச்சாப் போயிடும்” என்று டம்ளரில் ஒரு ஸ்ட்ராவும் போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்ட்ரா நான் கேட்கவே இல்லை.

மோரைக் குடிக்காமல் ராஜஸ்ரீயின் கிளினிக்குக்குப் போனேன். ரிசல்ட் அவளுக்கும் வந்திருக்கும்.

“பெரிய தாத்தாவுக்கு என்னதான் வந்தது? நீயாவது சொல்லு.”

“அவர் வாயை நான் பாக்கலை மாமா.”

“சரி. எனக்கு?”

அவள் கையுறையைக் கழற்றினாள். நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கேன்சர். கன்னத்துல. கழுத்துக்கும் வந்தாச்சு. ஆபரேஷன் உடனே பண்ணணும். பண்ணினாலும் பழையபடி பேச வராது, மாமா.”