சேதம் போதவில்லை

கடிதத்தைச் சத்தமாக வாசித்ததற்காக அப்பா என்னை அறைந்தார். நியாயம்தான். எழுதியவன் ஏழாவது மாடியில் இருந்தான். வாசித்த நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன்.

"திரும்பப் படிடா."

கன்னத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு படித்தேன். அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியிருந்தது: மூட்டுகளில் ஏற்பட்டுள்ள சேதம் போதுமானதாக இல்லை. ஆகவே டாக்டர் சொன்ன ஊசிக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. மாத்திரையை மேலும் ஆறு மாதம் தொடரவும்.

அம்மா தையல்காரி. வலது கை கத்தரிக்கோலைப் பிடித்து நாற்பது நாளாகிறது. காலையில் விரல்கள் கொக்கிபோல் வளைந்து நிற்கும். வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நான் நிமிர்த்துவேன். அவள் துண்டைக் கடித்துக்கொள்வாள். மாத்திரையை மூன்று மாதம் விழுங்கி ரத்தமாக வாந்தியெடுத்தாயிற்று. இரண்டு மாதத்துக்குள் ஊசி ஆரம்பிக்காவிட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனிக் கணக்குப்படி, இறுகி நான்கு மாதம் கழித்துக் காப்பாற்றுவார்கள். நாங்களே வாங்கலாமென்றால், வாடகை வீட்டை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விற்றாலும் கட்டாது.

அப்பா கட்டடம் இடிப்பவர். இருபத்திரண்டு வருடமாகக் கையில் சம்மட்டி.

"சேதம்னா என்னன்னு தெரியாதவன் எழுதியிருக்கான். காட்டிட்டு வரேன்."

"ஏங்க, வேணாங்க," என்றாள் அம்மா. "மரியாதையா பேசிப் பாருங்க."

"மரியாதையாத்தான் இடிப்பேன்."

தடுப்பதற்காகப் பின்னாலேயே போனேன். அதாவது, பார்ப்பதற்காக.

இடிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் அடிக்கு முன் சுவரை மூன்று தட்டு தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டு, பத்து எண்ண வேண்டும். ஒருமுறை கூட்டாளி எண்ணாமல் அடித்தார். அந்தப் பக்கம் ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்; செங்கலையும் அவனையும் பிரித்தெடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. அதிலிருந்து அப்பா நாய்க்கூண்டை இடித்தாலும் பத்து எண்ணுவார்.

ஏழாவது மாடியில் கண்ணாடிக் கவுன்டர். உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல், "டோக்கன் எடுத்தீங்களா சார்?" என்றாள். அப்பா எடுத்தார். அறுபத்து மூன்று. சட்டைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு, சாக்கிலிருந்து சம்மட்டியை உருவினார். கண்ணாடியை மூன்று தட்டு தட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா தள்ளிப் போயிடுங்கம்மா."

"மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். ஓடினாள்.

அப்பா எண்ணினார். ஏழில் காவலாளி வந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி அப்பாவின் முழங்கையில் இறக்கினார். உலர்ந்த விறகு முறிகிற சத்தம். கை பின்பக்கமாக மடிந்து தொங்கியது. விழுந்தவரின் வாயில் பூட்ஸ் இரண்டு முறை பாய்ந்தது. ஒரு பல் உருண்டுபோய் அறுபத்திரண்டாம் டோக்கன்காரரின் நாற்காலிக்கடியில் நின்றது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார், இடத்தை விடவில்லை. நான் காவலாளியின் முதுகில் ஏறிக் காதைக் கடித்தேன். உப்பாக இருந்தது.

அப்பா தரையில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "எட்டு," என்றார்.

கேஸ் வேண்டாமென்று கம்பெனியே சொன்னது. தவறி விழுந்துவிட்டார் என்று இரு தரப்பும் எழுதிக்கொண்டோம். சம்மட்டியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, அப்பாவிடம் இன்னொன்று இருந்தது. ஆஸ்பத்திரி அதே கம்பெனியிடம் அனுமதி கேட்டது. முழங்கைக்குத் தகடு வைக்க ஒன்பது நிமிடத்தில் சம்மதம் வந்தது. இந்தச் சேதம் போதும் போலிருக்கிறது.

அந்தக் குறுஞ்செய்தியை அம்மா என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். அழவில்லை.

மறுநாள் காலை வெந்நீர் வைத்தேன். வேண்டாமென்றாள்.

"கை இப்படியே இருக்கட்டும். நீ பையை மட்டும் தூக்கிக்கோ கண்ணா, என்னால முடியாது."

தூக்கியதும் எடை தெரிந்தது. தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஏழாவது மாடியில் அதே கண்ணாடி, கீறல்கூட இல்லாமல். காதில் பஞ்சு ஒட்டியிருந்த காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தார். அம்மா கவுன்டருக்குப் போய், வளைந்த விரல்களின் முட்டியால் மூன்று தட்டு தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் உதடு கோணியது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களாம்மா?"

அந்தப் பெண் இந்த முறை ஓடவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையைத் தரையில் வைத்து ஜிப்பைத் திறந்து, எண்ணத் தொடங்கினேன்.

காவலாளியின் கை பின்னால் போய்ச் சுவரைத் தடவியது. உருளையை இன்னும் மாட்டவில்லை. வெறும் கொக்கிதான் இருந்தது.

"ஆறு," என்றேன்.