நமசிவாயத்தாரின் குழை

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் விஞ்ஞானம் படிப்பிப்பதில் அதிபருக்கு அவ்வளவு விருப்பமில்லை. "ஒரு முறைப்பாடு வந்தாலும் சரி, திரும்ப வகுப்புக்குள்ளைதான்," என்று சொல்லித்தான் யசிந்தா ரீச்சரை அனுப்பினார்.

சண்டிலிப்பாய் ஒழுங்கை நெடுகப் பார்த்தீனியக் களை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. இந்திய ஆமிக்கு இறக்கின ஆடுகளோடு வந்த செடி என்று சனம் சொல்லும். ஆமி போய்விட்டது. செடி போகவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்கினார்கள். கூடப் பிடுங்கியது யார் என்று சண்டையும் பிடித்தார்கள். பின்னேரம் மதகடியில் ஆளுயரக் குவியல். எரிக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? வெயிலில் காயட்டும், பிறகு கொளுத்தலாம் என்று யசிந்தா விட்டுவிட்டு வந்தாள்.

அவள் மீன்பிடிக்கிற குருநகரில் பிறந்து வளர்ந்தவள். புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்க்கிற காலத்தில், பசளையாய் மண்ணுக்குள் புதைக்கப் பூவரசங் கொப்பு தேடி ஊரூராய் அலைகிற சனத்தின் கண்ணில் படும்படி பச்சைக் குவியலை விடக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னது?

காலையில் குவியல் இல்லை.

"ரீச்சர், என்ரை சித்தப்பா வண்டிலிலை ஏத்தினவர்," என்றாள் குணலட்சுமி. "இப்ப தோட்டத்திலை தாட்டுக்கொண்டு நிப்பார்."

பூத்துக் காய்த்த செடி. மழை விழுந்தால் தோட்டம் முழுக்க அதுதான் முளைக்கும். மனிசன் அதிபரிடம் போய் நின்றால் ஒழுங்கைப் படிப்பு அன்றோடு சரி. முந்திக்கொண்டு தானே சொல்வதுதான் வழி. யசிந்தா வகுப்போடு தோட்டத்துக்கு நடந்தாள்.

குணலட்சுமியின் சித்தப்பா நமசிவாயம் கடைசிக் கிடங்கை மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உந்தக் களைச் செடியைத் தோண்டி எடுக்கவேணும். பிழை என்னிலைதான்."

"தாட்ட குழையைத் தோண்டுறதோ? பிள்ளை, உங்கடை பக்கத்திலை வலையிலை பட்ட மீனைத் திருப்பிக் கடலிலை விடுறவையோ?"

பிள்ளைகள் கெக்கட்டம் விட்டார்கள். யசிந்தாவும் சிரித்துவிட்டாள்.

"பேத்தை மீன் பட்டால் எறிவம், ஐயா. அது நஞ்செல்லோ."

"எனக்குத் தெரியாத குழையோ? என்ரை தோட்டத்திலை ஒரு களையைக் காட்டு பாப்பம்!"

காட்ட ஒன்றுமில்லைதான். துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது தோட்டம். குணலட்சுமி வண்டிலில் மிஞ்சியிருந்த செடியொன்றை எடுத்தாள். சித்தப்பாவின் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை உருவி விரித்து, அதன்மேல் செடியை உதறினாள். கடுகிலும் சின்னதாய், கறுப்புக் கறுப்பாய் விதை சொரிந்தது.

"இது ஒரு செடி, சித்தப்பா. நீங்கள் தாட்டது ஒரு வண்டில்."

நமசிவாயம் சால்வையைப் பார்த்தார். கிடங்கைப் பார்த்தார்.

"அடி ஆத்தை!" மண்வெட்டியைத் தூக்கினார்.

மத்தியானம் வரை வகுப்பு அங்கேதான். அவர் கொத்தினார், பிள்ளைகள் இழுத்தார்கள், காவோலை போட்டு எரித்தார்கள். இடையில் எல்லோருக்கும் பனங்கட்டியோடு தேத்தண்ணீர். எரிந்து முடிந்ததும் நமசிவாயம் கைகால் கழுவினார்.

"வாங்கோ, அதிபரிட்டைப் போவம்."

யசிந்தா பின்னால் போனாள்.

"மாஸ்டர், இந்தப் பிள்ளையளை நாளைக்கும் வெளியிலை விடவேணும்," என்றார் நமசிவாயம். "இன்னொரு தோட்டம் கிடக்கு."

"ஆரின்ரை தோட்டம்?"

"அண்ணையின்ரை. அவரும் ஒரு வண்டில் ஏத்தினவர்."

வாசலில் நின்ற குணலட்சுமி வாயைப் பிளந்தாள். "எங்கடை அப்பாவோ?"

"ஓம், கொப்பர்தான். என்னிலும் பிடிவாதக்காரர்."

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி யசிந்தாவைப் பார்த்தார்.

"இருக்கிற மண்வெட்டியள் போதுமோ, ரீச்சர்?"