மாடத்தியின் முறை

முனியாயி கணவனின் தாடையைத் தூக்கிப் பிடித்து, வெள்ளைத் துணியைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் கேட்டார்.

"எத்தன மணிக்கும்மா?"

"மூணரை இருக்கும் ஐயா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பிச்சைமணி போனது இரண்டரைக்கு. முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை சுமந்த மனுஷன். வயிற்றில் கட்டி வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கயிற்றுக்கடை மாடியில் கூடும் தமிழ்ச் சபை அவருக்காகச் சங்கிலி ஜெபம் தொடங்கியது. ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில், முழங்காலில். ஒருவர் முறை முடிகிற நிமிஷத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். சங்கிலி அறாவிட்டால் பிச்சைமணி எழுந்து நடப்பார் என்று சபை நம்பியது. முனியாயியும் நம்பினாள், நம்பப் பாடுபட்டாள் என்பதே சரி. எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தபோது பாஸ்டர் அவளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார். குழாயடியில் அந்த எஸ்தரை இன்றுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, அவளும்தான்.

அவள் முறை மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று. இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே முழங்காலிட்டாள். சுகத்தைத் தாரும் ஆண்டவரே, கட்டுகளை அவிழும் ஆண்டவரே என்று நாக்கு பழக்கத்தில் ஓடியது. பிச்சைமணி வலியில் முனகும் சத்தம் வெளியே போகாமலிருக்கப் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஜெபத் தமிழ் நின்றுபோனது. அவளுடைய சொந்தத் தமிழ் வந்தது.

"போதும் சாமி. கொண்டுட்டுப் போயிரும்."

ஆமென் சொல்லவில்லை. அதற்குள் போர்வை நுனி அவர் பல்லிலிருந்து நழுவியது.

அழுகை வரவில்லை. பயம் வந்தது, பயத்துக்குப் பின்னாலேயே கோபம். இத்தனை காலம் சபையே கதறியபோது காது கேளாத ஆண்டவர், இதற்கு மட்டும் கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றாரா? தன் வாயால் புருஷனை அனுப்பிவிட்டோம் என்ற நினைப்பு விடவில்லை. யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். குடோனில் மூன்று மணி அடித்தது. தன் முறை முடிந்தது என்று உறுதியான பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

"மூணரைன்னா மாடத்தி முறையில்லா?" என்றாள் பாஸ்டரின் மனைவி, தலைமாட்டில் ஊதுவத்தி வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியைத் தடுத்தபடி.

முனியாயிக்குக் கை நின்றுபோனது. நேரத்தைத் தள்ளிவைத்தபோது அந்த நேரத்தில் இன்னொருத்தி முழங்காலில் இருப்பாள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

இறந்தவருக்காக ஜெபிப்பது சபையில் ஆகாது. அதனால் பிச்சைமணியோடு மூட்டை சுமந்த வீரபாண்டி, சங்கிலியை நிறுத்தச் சொல்லி அப்போதே சைக்கிளில் இடக்கொச்சியில் மாடத்தி வீட்டுக்குப் போயிருந்தான்.

வெயில் தாழ்ந்தபோது மாடத்தி வந்தாள். பிணத்தின் பக்கம் போகவில்லை. நேரே அடுக்களைக்கு வந்து, அடுப்பின் முன்னால் இருந்த முனியாயியின் காலைப் பிடித்துக்கொண்டாள். செம்மீன் பொளிக்கும் ஷெட்டில் இறால் தோடு உரிக்கிற வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் ஒறங்கிட்டேன்."

"என்ன சொல்லுத?"

"வெளுப்புக்கே ஷெட்டுக்குப் போயிட்டு வந்தேன். முட்டுக்குத்தித்தான் இருந்தேன், கண்ணு அடஞ்சிட்டு. வீரபாண்டி கதவத் தட்டுனப்பத்தான் முழிச்சேன். சங்கிலிய நாந்தான் அறுத்தேன் அக்கா. சேட்டன் போனது என்னாலதான்."

இதை இப்படியே விட்டுவிட்டால் போதும் என்று முனியாயிக்குத் தோன்றியது. பாஸ்டர் இரண்டு வசனம் சொல்லி மாடத்தியை மன்னித்துவிடுவார், காலையில் அடக்கமும் முடிந்துவிடும். ஆனால் இவள் சாகிறவரைக்கும் இதைச் சுமப்பாள். ஷெட்டில் நின்று செம்மீன் பொளிக்கும்போதெல்லாம் சுமப்பாள்.

"அழாத. ஒன் முறைக்கு முந்தியே போயிட்டாரு."

"மூணரைன்னுல்லா சொன்னாவ?"

"நாந்தான் பொய் சொன்னேன்."

மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"என் முறையில நான் சுகம் கேக்கல மாடத்தி. கொண்டுட்டுப் போயிரும்னு கேட்டேன்."

காலைப் பிடித்திருந்த கை விலகியது. அடுப்பில் கட்டஞ்சாயா பொங்கி வழிந்தது. மாடத்தி எழுந்து பாத்திரத்தை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

எல்லாம் முடிந்தது, மாடத்தி சொல்லிவிடுவாள் என்று முனியாயி நினைத்தாள். சபை இனி ஏற்காது. பிச்சைமணியைச் சபைக்காரர்கள் தூக்குவார்களா என்பதுகூடச் சந்தேகம்.

முன்னறையில் சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

"மாடத்தி," என்றார் பாஸ்டர், "ஒன் முறையில என்னம்மா நடந்தது?"

"ஒறங்கிட்டேன் ஐயா."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு உண்டா?"

"இல்ல ஐயா."

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். பாய் இழுபடும் சத்தம் கேட்டது. முனியாயி அடுக்களை வாசலுக்கு வந்து பார்த்தாள். மாடத்தி சுவரோரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்துவிட்டதால் அவளுக்கு இரண்டு பக்கமும் பாய் காலியாகக் கிடந்தது. பிச்சைமணி வாய் கட்டப்பட்டு நடுவில் படுத்திருந்தார்.

ஆண்டவரே என்று கூப்பிடப் பார்த்தாள். கூப்பிட்டால் இப்போதும் உடனே கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"ஐயா," என்றாள். "அவ முறையில இல்ல. என் முறையிலேயே போயிட்டாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

பாஸ்டர் பைபிளை மூடினார். "அப்ப ஏம்மா யாரையும் கூப்பிடல? என்ன நடந்துச்சு?"

அறையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தலைமாட்டில் பாஸ்டரின் மனைவி அவளுக்கென்று விட்டிருந்த இடத்துக்கு அவள் போகவில்லை. பெண்களின் கால்களைத் தாண்டி, சுவரோரமாகக் கிடந்த காலிப் பாயில் போய் உட்கார்ந்தாள்.

மாடத்தி தலையைத் தூக்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.