மூக்கடைத்த கதாநாயகி

படத்தில் கூட்டத்துக்கு நடுவே "ஐயோ, பிடிங்க அவனை!" என்று ஒரு பெண் கத்தினால், அது பெரும்பாலும் நான்தான். டப்பிங் பேசுகிறவள். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு ஒரே ஒரு முறை வந்தது. அதையும் வாங்கித் தந்தது என் திறமை அல்ல, அலர்ஜி.

குரல் தேர்வன்று தும்மித் தும்மி மூக்கு கல்லாக அடைத்திருந்தது. நாலு வரி பேசியதுமே இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பத்து நாள் அழுத பொண்ணோட குரல்ங்க இது! இதைத்தான் தேடிட்டிருந்தேன்."

கதாநாயகி படம் முழுக்க அழுகிறவள். நானும் மூக்கால் அழுதே முக்கால் படத்தை முடித்தேன். கடைசிக் காட்சியை இன்னும் எடுக்கவில்லை என்று பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு அக்கறை பொங்கியது. "ராத்திரி பூரா வாயால மூச்சு விடுற, கேக்கவே பயமா இருக்கு" என்று டாக்டரிடம் இழுத்துப் போனார். மாத்திரை, மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் அலசச் சொல்லி ஓர் உத்தரவு. எட்டாம் நாள் காலை எழுந்து, "காபி போடட்டுமா?" என்றேன். குரல் கணீரென்று வந்தது.

குரல் பொருந்தாவிட்டால் மொத்தப் படத்தையும் வேறொருத்தியைப் பேச வைத்துவிடுவார்கள். எனக்கு மறுபடியும் "பிடிங்க அவனை"தான்.

ஸ்ப்ரேயைத் தூக்கி எறிந்தேன். பரணில் ஏறிப் பழைய போர்வைகளை உதறினேன். பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து முகத்தில் தேய்த்துக்கொண்டேன். அது கீறியதுதான் மிச்சம், ஒரு தும்மல் வரவில்லை. இப்படியா வைத்தியம் பார்ப்பார் அந்த டாக்டர்!

ஸ்டுடியோவில் முதல் வரியிலேயே இயக்குநரின் முகம் தொங்கிப்போனது.

"என் ஹீரோயின் எங்கம்மா?"

"மூக்கு சரியாயிடுச்சு சார்."

"யாரு சரி பண்ணச் சொன்னா?" என்று கேட்டவர், வேறொருத்தியைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை முட்டியது. கணீர் அழுகை, எதற்கும் உதவாது.

சவுண்ட் இன்ஜினியர் நல்ல மனுஷர். மொட்டைமாடிக் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூக்கில் மாட்டினேன். உயிர் போகிற வலி. ஆனால் குரல் அதேதான்.

"சீக்கிரம் பேசுங்கக்கா, ரெக்கார்டு ஓடுது" என்றார்.

கதாநாயகி புருஷனை எதிர்த்து நிற்கும் காட்சி. "நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன்" என்று ஆரம்பித்தேன். வலியில் கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் போனும் கையுமாக வந்து நிற்பது தெரிந்தது. "இனிமே..." என்று நான் மூச்சை இழுக்கவும், வியர்வையில் வழுக்கிய கிளிப் தெறித்து விழவும் சரியாக இருந்தது. நிறுத்தினால் தொலைந்தேன். நிறுத்தாமல், "மாட்டேன்!" என்றேன். அறையே அதிர்ந்தது.

போச்சு என்று நினைத்தேன்.

இயக்குநர் போனில், "நீங்க வர வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"'இனிமே' வரைக்கும் அழுகை. 'மாட்டேன்'ல அப்படியே குரல் திறக்குது! எப்படிம்மா பண்ணின?"

நான் கிளிப்பின் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"எல்லாம் அனுபவம் சார்."